மடைப்பள்ளி மிளகும் புருஷகாரமும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

பம்மலிலிருந்து திருநீர்மலைக்கு நடந்தே சென்றுவிடலாம். உத்ஸவ காலங்களில் இன்றும் அவ்வாறு நடந்து வருகிற அன்பர்கள் உண்டு. அடிவாரத்தில் நீர்வண்ணன் நின்ற திருக்கோலத்தில் ஸேவை ஸாதிக்கிறான். படியேறி மேலே சென்றால் இருந்தவனாக நரஸிம்ஹனையும், கிடந்தவனாக அரங்கநாதனையும், நடந்தவனாக உலகளந்தானையும் ஸேவிக்கலாம். நான்கு திருக்கோலங்களையும் ஒரே திவ்ய தேசத்தில் கண்ணாரக் கண்டு இறங்கி வரும் அடியார்களின் கைக்கு, எம்பெருமான் அமுது செய்த வெண்பொங்கல் ஒரு தொன்னையில் வந்து சேருகிறது. பிரஸாதமாதலால் ஒரு பருக்கையும் சிந்தாமல் உண்கிறார்கள். ஆயினும் உண்டு முடித்த தொன்னைகளை நோக்கினால் ஒன்று புலப்படும். பலவற்றின் ஓரத்தில் ஐந்தாறு மிளகு ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும்.

குழந்தைகள் ஒதுக்கினால் குற்றமில்லை. பெரியவர்களும் ஒதுக்குகிறார்கள். பரிசாரகர் அளந்து இட்ட மிளகு அது. எம்பெருமான் திருமுன்பே கண்டருளப்பண்ணப்பட்டது. அரிசி பிரஸாதமாகி மிளகு மட்டும் ஆகாமற்போவது எப்படி?

திவ்ய தேசங்களின் மடைப்பள்ளிகளில் காரத்துக்கு மிளகே தொன்றுதொட்டு உரியது. மிளகாய் இந்நாட்டுப் பண்டமன்று. அமெரிக்கக் கண்டத்தில் விளைந்த அதனைப் போர்ச்சுகீசியரே கடல் வழியாகக் கொண்டு வந்தனர். வாஸ்கோடகாமா கோழிக்கோட்டில் இறங்கியது 1498-இல். மிளகைப் போல் காரமுள்ள காய் என்னும் கருத்திலேயே தமிழர் அதற்கு மிளகாய் என்று பெயரிட்டனர். இல்லங்களின் அடுப்பை அது சில தலைமுறைகளில் வென்றுவிட்டது. பல திருக்கோயில்களின் தளிகையை மட்டும் வெல்ல முடியவில்லை. காஞ்சி வரதனுக்குக் குடலையில் வேகும் இட்டலியில் இன்றும் மிளகும் சீரகமும் சுக்கும் நெய்யுமே சேர்கின்றன. திருமாலிருஞ்சோலை அழகருக்கு அமுது செய்விக்கும் தோசையிலும் மிளகின் மணமே. பழைய வழக்கத்தை மாற்றாத ஒரு பிடிவாதம் என்று இதனைச் சிலர் சொல்லக்கூடும். பிடிவாதமே ஆனாலும், ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய தமிழ்நாட்டுச் சமையலின் சுவையை அறிய விரும்புவோர்க்கு வேறிடம் இல்லை. மடைப்பள்ளி வாசலுக்கே வரவேண்டும்.

இந்தப் பண்டங்கள் யாருக்காக இடப்பட்டன என்பதை முதலில் தெளிய வேண்டும். உண்பவனின் உடல்நலத்துக்காக என்று எடுத்த எடுப்பிலே சொல்வது ஸம்பிரதாயத்துக்கு ஒவ்வாது. திருவரங்கத்தில் வழங்கும் ஓர் ஐதிஹ்யம் இதற்குச் சான்று. ஒரு நாள் உடையவர் ஸேவிக்கையில் பெருமாளின் திருமுகம் வாடியிருப்பதாக அவருக்குத் தோன்றிற்று. முந்தைய இரவு என்ன அமுது செய்விக்கப்பட்டது என்று விசாரித்தார். தயிரன்னமும் நாவற்பழமும் என்று விடை வந்தது. குளிர்ச்சியான பண்டங்கள் இரவில் திருமேனிக்கு ஆகுமோ என்று பதறிய எம்பெருமானார், கஷாயம் ஸமர்ப்பிக்க ஏற்பாடு செய்தார். தன்வந்திரி எம்பெருமானையும் அங்கே எழுந்தருளப்பண்ணினார். தன்வந்திரி ஸந்நிதி இன்றும் திருவரங்கத்தில் உள்ளது. ஸர்வ ஜகத்துக்கும் ரக்ஷகனான ஒருவனுக்கு ஜலதோஷம் வருமோ என்று வேதாந்தம் படித்தவன் கேட்கலாம். பெரியாழ்வாரின் பரிவை அறிந்தவன் கேட்கமாட்டான். அந்தப் பரிவே மடைப்பள்ளியில் மிளகாகவும் சுக்காகவும் இடப்படுகிறது. அடியவனுக்குக் கிடைக்கும் நலம், தாய் குழந்தைக்கென்று காய்ச்சிய பாலில் வீட்டில் உள்ள மற்றவர்க்கும் ஒரு மிடறு கிடைப்பது போன்றது.

அந்த ஒரு மிடறும் சிறிதன்று. சுக்கை எடுத்துக்கொள்ளலாம். சுக்குக்கு மிஞ்சிய மருந்தில்லை என்பது பழமொழி. (அதன் பிற்பாதி முருகனடியார்க்கு உரியது, இந்த மலரில் விட்டுவிடலாம்.) இஞ்சி உலர்ந்து சுக்காகும்போது அதிலுள்ள காரப்பொருளும் வேறொன்றாக மாறி, முன்னிலும் உறைப்பாகிறது. பச்சை இஞ்சிக்கும் சுக்குக்கும் வைத்தியர்கள் வெவ்வேறு குணம் சொன்னது வெறும் பேச்சன்று. குமட்டலையும் வாந்தியையும் இஞ்சி தணிப்பதை இக்கால மருத்துவ ஆராய்ச்சியும் ஒப்புக்கொள்கிறது. கருவுற்ற மகளிரின் மசக்கைக்கும் அது பயன்படுவது சோதித்து அறியப்பட்டுள்ளது. சீரகத்தின் பெயரே அதன் தொழிலைச் சொல்லும். ஜீரணம் என்னும் சொல் பிறந்த அதே தாதுவிலிருந்து ஜீரகம் பிறந்தது. சீர் அகம் என்று தமிழில் பிரித்து மகிழ்வோரும் உண்டு. மகிழட்டும், வயிற்றுக்கு இரண்டும் ஒன்றே. ஸ்ரீராம நவமிப் பானகத்தில் வெல்லத்தோடு சுக்கும் ஏலமும் சேர்வது, கோடையில் வெயிலில் வந்தவன் குளிர்ந்த இனிப்பு நீரை மளமளவென்று குடித்தாலும் வயிறு மந்தமாகாதிருக்க வேண்டும் என்னும் கருத்தால்.

கீதையின் 15-ஆம் அத்தியாயத்தில் எம்பெருமான், பிராணிகளின் உடலில் தானே வைச்வாநர அக்னியாய் நின்று நால்வகை அன்னத்தையும் பக்குவம் செய்வதாக அருளிச்செய்கிறான். உண்ட சோற்றைச் செரிப்பவனும் அவனே என்றால், அந்த அக்னிக்கு இடும் சமித்து போன்றவை மிளகும் சுக்கும். ஆனால் அதே கீதை, 17-ஆம் அத்தியாயத்தில் ராஜஸ ஆஹாரத்தைச் சொல்லுமிடத்தில், காரமும் புளிப்பும் உப்பும் சூடும் மிகுந்த உணவு துன்பத்தையும் நோயையும் தரும் என்றும் எச்சரிக்கிறது. அங்கே 'அதி' என்னும் சொல் நிற்கிறது. உரையாசிரியர்கள் சிலர் அச்சொல்லைக் காரம் முதலிய எல்லாவற்றோடும் கூட்டியே பொருள் கொள்வர். விலக்கப்பட்டது காரமன்று, அளவு மீறிய காரம். எந்தத் தளிகைக்கு எந்தப் பண்டம் எவ்வளவு என்று படித்தரம் வகுத்திருப்பதன் அருமை இங்கே விளங்கும். தீர்த்தத்தில் பச்சைக் கற்பூரம் சேர்கிறது. ஒரு குடத்துக்கு ஒரு சிட்டிகை. கை நீளவிட்டால் அதுவே நஞ்சு. சிறு குழந்தைகள் கற்பூரத்தை விழுங்கி வலிப்புக் கண்ட நிகழ்ச்சிகளை மருத்துவர்கள் அறிவர். சுக்குக்குப் புறத்தோல் நஞ்சு, கடுக்காய்க்கு உட்கொட்டை நஞ்சு என்று பாட்டிமார் சொல்லித் தோலைச் சீவியதும் கொட்டையை நீக்கியதும் இந்த எச்சரிக்கையின் வேறு வடிவமே.

உணவு வேறு, மருந்து வேறு என்னும் பகுத்தறிவும் திருக்கோயில்களுக்குப் புதிதன்று. அதனைக் கல்லிலே பார்க்க விரும்புவோர் வாலாஜாபாத்தை அடுத்த திருமுக்கூடலுக்குச் செல்ல வேண்டும். பம்மலிலிருந்து காலையில் புறப்பட்டால் மாலைக்குள் திரும்பிவிடலாம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் அவ்விடத்தில் வெங்கடேசப் பெருமாள் கோயில் கொண்டிருக்கிறான். 1063 முதல் 1070 வரை ஆண்ட வீரராசேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டொன்று அக்கோயில் சுவரில் உள்ளது. பெருமாளின் திருவமுதுக்கும் உத்ஸவங்களுக்கும் வகுத்த நிவந்தங்களைச் சொன்ன அதே கல்வெட்டு, அங்கே நடந்த வேத பாடசாலையையும் ஓர் ஆதுலர்சாலையையும் விவரிக்கிறது. பதினைந்து படுக்கைகள் கொண்ட அந்த மருத்துவமனையின் பெயர் வீரசோழன். மாணாக்கர்க்கும் கோயிற் பணியாளர்க்கும் அங்கே சிகிச்சை. மருத்துவர் ஒருவர், அறுவை செய்ய ஒருவர், மூலிகை கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்டிர் என்று ஒவ்வொருவர்க்கும் ஊதியம் வகுக்கப்பட்டது. ஓராண்டுக்குச் சேமித்து வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்கள் ஏறத்தாழ இருபது பொறிக்கப்பட்டுள்ளன. வாஸா ஹரீதகீ, தசமூல ஹரீதகீ, கல்யாண லவணம், பில்வாதி கிருதம் என்று செல்லும் அப்பட்டியலில் பூண்டு சேர்த்த ஆமணக்குத் தைலம் ஒன்றும் இடம்பெறுகிறது.

பெருமாள் தளிகையில் பூண்டு சேராது. அதே பெருமாளின் கோயில் நடத்திய ஆதுலர்சாலையில் நோயாளிக்குப் பூண்டுத் தைலம் உண்டு. ஆசாரம் என்னும் பெயரால் மருந்தைத் தடுக்காத அந்த ஆயிரம் ஆண்டுக்கு முந்திய விவேகத்தை எவ்வளவு போற்றினாலும் தகும். மடைப்பள்ளியில் மிளகும் சீரகமும் இருந்தமையால் மருத்துவன் எதற்கு என்று அவர்கள் எண்ணவில்லை. பிரஸாதத்தையும் அளந்தார்கள், மருந்தையும் அளந்தார்கள். ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளவில்லை.

இன்று அவ்விவேகம் தேய்ந்து வருவதை மறைப்பதற்கில்லை. மிளகை ஒதுக்கி வைப்பவர் ஒரு சாரார். அவரால் பெரிய தீங்கில்லை. மற்றொரு சாரார், மிளகும் மஞ்சளும் இருக்க மாத்திரை எதற்கு என்று துணிந்துவிடுகிறார்கள். சர்க்கரைப் பொங்கலில் ஏலக்காய் சேர்ந்திருப்பதால் சர்க்கரை நோய்க்கு அது குற்றமில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்வோரும் இருக்கிறார்கள். நகைப்புக்கு உரியதுதான். ஆனால் இருமலோடும் மாலைக் காய்ச்சலோடும் மெலிந்து வருபவன் மஞ்சள் பாலையும் மிளகுக் கஷாயத்தையும் குடித்துக்கொண்டு மாதங்களைக் கடத்தினால் அது நகைப்புக்கு உரியதன்று. அவன் உயிரோடு அவன் வீட்டாரின் உயிரும் அங்கே ஊசலாடுகிறது.

பம்மல் வட்டாரத்தார்க்கு இதனை எவரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ரயில் நிலையத்தின் பெயரே தாம்பரம் சானடோரியம். 1928-இல் டாக்டர் டேவிட் ஜேக்கப் ஆரோன் சௌரிமுத்து மலையடிவாரத்தின் நல்ல காற்றை நாடிக் காசநோயாளிகளுக்காக அமைத்த விடுதியால் வந்த பெயர் அது. அன்று காசத்துக்கு மருந்து இல்லை. தூய காற்று, ஓய்வு, சத்துள்ள உணவு ஆகிய மூன்றே உலகமெங்கும் சிகிச்சை. பலர் தேறினர், தேறாதவரும் பலர். மருந்துகள் வந்தபின் 1956-இல் சென்னையில் ஓர் ஆராய்ச்சி தொடங்கப்பட்டது. நோயாளிகளில் ஒரு பகுதியினர் சானடோரியத்தில் ஓய்வும் நல்லுணவும் பெற்று மருந்து உண்டனர். மற்றவர் நெருக்கமான ஏழை வீடுகளில் இருந்தபடியே, குறைந்த உணவோடு, அதே மருந்தை உண்டனர். 1959-இல் முடிவு வெளியாயிற்று. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அவர்களைப் போலவே குணமடைந்திருந்தனர். நோயை நீக்கியது மருந்து என்பதைச் சென்னை மாநகரமே உலகுக்குக் காட்டிற்று.

அதனால் உணவு வீண் என்று முடிவு கட்டுவதும் தவறு. ஜார்க்கண்ட் மாநிலத்தில் நடந்து 2023-இல் வெளியான ஆராய்ச்சியில், காசநோயாளியின் வீட்டாருக்குக் கூடுதல் உணவுப் பொருள் வழங்கியபோது அவர்களுக்கு அந்நோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. உணவு கோட்டைச் சுவர். பகைவன் உள்ளே புகுந்துவிட்டால் சுவரைப் பூசிக்கொண்டிருப்பதில் பயனில்லை, படை வேண்டும்.

இங்கேதான் மிளகின் கதை ஒரு வியப்பான திருப்பத்தை அடைகிறது. காசநோய் மருந்துகளுள் தலையாயது ரிஃபாம்பிஸின். உண்ட ரிஃபாம்பிஸின் முழுவதும் உடலில் தங்குவதில்லை. குடலும் ஈரலும் அதில் ஒரு பகுதியைச் சிதைத்தும் திருப்பித் தள்ளியும் விடுகின்றன. மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரின் என்னும் பொருள் அந்தத் தள்ளும் வேலையைச் சற்றுத் தடுக்கிறது. இதனை ஜம்முவில் உள்ள மத்திய அரசின் ஆராய்ச்சி நிலையத்தார் பல்லாண்டு ஆய்ந்தனர். சுக்கு, மிளகு, திப்பிலி என்னும் திரிகடுகத்தைப் பழைய வைத்தியர்கள் எத்தனையோ மருந்துகளோடு ஏன் கூட்டினார்கள் என்னும் கேள்வியே அவர்கள் ஆராய்ச்சிக்கு வித்து. அதன் பயனாக 2009-இல் ரிஸோரின் என்னும் மாத்திரை இந்தியாவில் வெளிவந்தது. வழக்கமாக 450 மில்லிகிராம் கொடுக்கப்படும் ரிஃபாம்பிஸின் அதில் 200 மில்லிகிராம்தான். உடன் 10 மில்லிகிராம் பைப்பரின். பாதிக்கும் குறைந்த மருந்து முழு மருந்தின் வேலையைச் செய்தது.

மஞ்சளுக்கும் மிளகு இவ்வாறே துணை நிற்கிறது. மஞ்சளின் குர்க்குமின் தனியே உண்டால் குருதியில் மிகச் சொற்பமே சேரும். 1998-இல் பெங்களூர் ஆராய்ச்சியாளர்கள் இரண்டு கிராம் குர்க்குமினோடு 20 மில்லிகிராம் பைப்பரின் சேர்த்துக் கொடுத்தபோது, சேர்ந்த அளவு இருபது மடங்கு உயர்ந்தது.

பூர்வாசாரியர்கள் புருஷகாரம் என்று ஒன்றை அருளிச்செய்தார்கள். சேதநனின் குற்றங்களைக் கண்டு சீற்றம் கொண்ட எம்பெருமானிடம், பிராட்டி அருகிருந்து பரிந்துரைத்து அவனைக் கைக்கொள்ளச் செய்கிறாள். அவள் ஸந்நிதியில் இருந்தமையால் காகாஸுரன் உயிர் பிழைத்தான். அவள் அருகில் இல்லாமையால் அவனளவு குற்றமும் செய்யாத ராவணன் மாண்டான் என்று முமுக்ஷுப்படி காட்டும் வேறுபாடு கற்றோர் அறிந்தது. திருநீர்மலையில் அணிமாமலர் மங்கைத் தாயாரை முதலில் ஸேவித்துப் பின் பெருமாளை ஸேவிப்பவர் அறிந்தோ அறியாமலோ இந்த முறையையே கைக்கொள்கிறார்.

மிளகும் மருந்துக்கு ஒரு புருஷகாரம். பெரிய திருஷ்டாந்தத்தை இவ்வளவு சிறிய பொருளுக்கு இறக்குவது முறையோ எனின், எல்லா அம்சமும் பொருந்தும் என்று சொல்லவில்லை; ஒன்று பொருந்துகிறது. பரிந்துரைப்பதற்கு ஒரு ரக்ஷகன் வேண்டும். ரிஃபாம்பிஸின் இல்லாத வயிற்றில் மிளகு யாரிடம் யாரைச் சேர்ப்பிக்கும்? காசக் கிருமியை மிளகு தனியே நின்று வெல்லாது. மாத்திரையில் சேர்ந்த பைப்பரினும் மில்லிகிராம் கணக்கில் அளந்து சேர்க்கப்பட்டது. வீட்டில் மிளகைக் கடித்துக்கொண்டு மாத்திரையைப் பாதியாகக் குறைத்துக்கொள்பவன் நோயைக் குறைக்கவில்லை, கிருமிக்கு மருந்தைப் பழக்கிவிடுகிறான். பழகிய கிருமி பின்னர் எம்மருந்துக்கும் எளிதில் அடங்காது.

மற்றொன்றும் உண்டு. பிராட்டி எவர்க்குப் பரிந்து பேச வேண்டும் என்று அறிந்தவள். மிளகுக்கு அந்த அறிவில்லை. எம்மருந்துக்கும் அது கதவைத் திறந்துவிடும். வலிப்பு நோய்க்கும் இரத்த அழுத்தத்துக்கும் உண்ணும் சில மருந்துகளும் பைப்பரினால் குருதியில் மிகுவது ஆய்ந்து அறியப்பட்டுள்ளது. பொங்கலில் உள்ள மிளகால் அன்று. ஒரு குப்பியில் அறுபது என்று விற்கும் மஞ்சள், மிளகுச் சாரக் குளிகைகளால். அத்தகைய குளிகைகளை நாள்தோறும் விழுங்கியவர்களுக்கு ஈரல் பழுதுற்ற நிகழ்ச்சிகள் இத்தாலி முதலிய நாடுகளில் பதிவாகியுள்ளன. வேறு மருந்து உண்பவர்கள் அவற்றை மருத்துவரிடம் சொல்லாமல் உட்கொள்வது தகாது. கடையில் கண்ணைப் பறிக்கும் மஞ்சள் பொடியிலும் எச்சரிக்கை வேண்டும். நிறத்துக்காக ஈயம் கலந்த சாயத்தைச் சேர்ப்பார் உண்டு. ஈயம் குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். விரலி மஞ்சளை வாங்கி இடித்துக்கொள்வது பழைய சிரமந்தான், ஆயினும் நல்ல சிரமம்.

தொன்னையின் ஓரத்தில் ஒதுங்கிய மிளகோ எனின், அதனைக் கடித்தே உண்ண வேண்டும். முழுதாக விழுங்கிய மிளகு பெரும்பாலும் முழுதாகவே வெளியேறிவிடும். நெய்யில் பொரித்து இட்டதன் நோக்கமும் அதன் சாரம் சோற்றோடு கலக்க வேண்டும் என்பதே. பல் இல்லாத முதியவர்க்கும் குழந்தைகளுக்கும் பொடித்துக் கலந்து கொடுக்கலாம்.

திருமங்கையாழ்வார் திருநீர்மலைக்கு எழுந்தருளிய காலத்தில் மலையைச் சுற்றி நீர் சூழ்ந்திருந்தது என்றும், அது வடியுமளவும் ஆறு மாதம் காத்திருந்து எம்பெருமானை மங்களாசாஸனம் செய்தார் என்றும் ஸ்தல புராணம் கூறும். காசநோய்ச் சிகிச்சைக்கும் குறைந்தது ஆறு மாதம். இரண்டாம் மாதத்திலேயே காய்ச்சல் நீங்கிவிடும், இருமல் அடங்கிவிடும், உடல் தேறிவிடும். மருந்தை நிறுத்த மனம் சொல்லும் காலம் அதுதான். நீர் பாதி வடிந்தவுடனே ஆழ்வார் திரும்பிப் போயிருந்தால் திருநீர்மலைக்கு அவர் பாசுரங்கள் கிடைத்திருக்குமோ?

சானடோரியத்தில் இன்று இரண்டு வாசல்கள் அடுத்தடுத்து உள்ளன. ஒன்று சௌரிமுத்து தொடங்கியதிலிருந்து வளர்ந்த அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. மற்றொன்று 2005-இல் திறக்கப்பட்ட தேசிய சித்த மருத்துவ நிறுவனம். வயிற்று மந்தத்துக்கும் மூட்டு வலிக்கும் சுக்கும் திப்பிலியும் சேர்ந்த மருந்தை முறையாகப் பெற விரும்புவோர்க்கு இரண்டாவது வாசல் திறந்திருக்கிறது. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், எந்த வாசலில் நுழைந்தாலும் சளிப் பரிசோதனையை முதலில் செய்துகொள்ள வேண்டும். அரசு மருத்துவமனைகளில் அதற்கும், தொடர்ந்து ஆறு மாதம் உண்ணும் மாத்திரைகளுக்கும் கட்டணம் இல்லை.